பால் கறப்பதற்குள் முடிய வேண்டிய கொலை

எங்கள் ஊரில் நாடகம் என்றால் மத்தியானம் இரண்டரை மணிக்கு ஆரம்பித்து ஐந்து மணிக்குள் முடிந்தாக வேண்டும். மற்ற ஊர்களில் விடிய விடிய நடத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் அது செல்லாது. சாயங்காலம் சொசைட்டியில் பால் ஊற்ற வேண்டும். வீட்டுக்கு வீடு கட்டுத்தரையில் எருமை நிற்கிறது. நேரம் தப்பினால் கத்தும். அது கத்திவிட்டால் மேடையில் எவன் செத்தால் என்ன, எவன் பிழைத்தால் என்ன, பெண்கள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு பொங்கலுக்கு நாங்கள் போட்டது கொலை நாடகம். எழுதியவர் எங்கள் ஊர்க்காரர்தான், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மாத நாவல் ஒன்று விடாமல் படிக்கிற மனுஷன். கத்தரியை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாரென்றால் ஒருத்தனாவது சாகாமல் பேனாவை மூட மாட்டார். கதை இதுதான். ஊர்ப் பெரிய நிலக்காரரான பண்ணாடி கிணற்று மோட்டார் ரூமில் குத்துப்பட்டுக் கிடக்கிறார். அவருடைய தம்பி, கணக்குப்பிள்ளை, வைத்தியர், பால்காரன் என்று நான்கு பேர் மேல் சந்தேகம். பட்டணத்திலிருந்து துப்பறிவாளர் வருகிறார். கடைசிக் காட்சியில் நான்கு பேரையும் வரிசையாக நிறுத்தி, பால்காரனைக் கைகாட்டி, "கொலைகாரன் நீதான்!" என்று சொல்லி, கையைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்.

துப்பறிவாளர் வேஷம் எனக்கு. நான் பெரிய நடிகன் என்பதால் இல்லை. கடைசிக் காட்சியில் இரண்டு பக்கத்துக்கு ஒரே ஆள் பேச வேண்டும். அவ்வளவு பேசக்கூடிய வாய் ஊரில் எனக்குத்தான் என்று மாஸ்டர் முடிவு செய்துவிட்டார். நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் ரிஜெக்ட் ஆன தடித்த கறுப்புத் துணியில் நானே ஓவர்லாக் போட்டு ஒரு நீளக் கோட் தைத்துக்கொண்டேன். ஒரு கை கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. துணியில் இழை எண்ணுகிற சின்னக் கண்ணாடியைக் கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கி வந்தேன். துப்பறிவாளர் என்றால் ஒரு கண்ணாடி வேண்டுமல்லவா?

ஒத்திகையில்தான் மாஸ்டருக்கு உயிர் போனது. வைத்தியராக நடித்தவர் எனக்கு மாமன் முறை. "எங்கே இருந்தாய்? உண்மையைச் சொல்!" என்று எழுதியிருந்ததை நான், "ஏனுங் மாமா, அன்னைக்கு எங்கீங்க இருந்தீங்க?" என்று கேட்டேன். மாமாவிடம் வேறெப்படிக் கேட்பது? மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏப்பா, நீ கொலையை விசாரிக்கறயா, இல்ல மாமனை விருந்துக்குக் கூப்படறயா?"

பண்ணாடியாக நடித்தது எங்கள் ஊர் டீக்கடைக்கார அண்ணன். முதல் காட்சியிலேயே செத்துவிடுகிற வேஷம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். செத்த கையோடு கடைக்கு ஓடிவிடலாம், நாடகம் பார்க்க வந்த கூட்டத்துக்கு டீ போட வேண்டுமே. ரத்தத்துக்கு மாஸ்டர் சாயப்பட்டறையிலிருந்து சிவப்புச் சாயம் வாங்கி வந்திருந்தார். அதை அண்ணன் நெஞ்சில் ஊற்றியபோது அது நல்ல சாயம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. மாசி பிறந்தும் அவர் நெஞ்சில் குத்துப்பட்ட அடையாளத்தோடுதான் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

பால்காரனாக நடித்தவன் என் சினேகிதன். இப்போது அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும்.

அவனும் நானும் ஒரே சைக்கிளில் பல்லடம் ரோடு வரை மிதித்து, அங்கே பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவர்கள். நான் ஓவர்லாக் டெய்லர், அவன் நிட்டிங் மிசின் பார்ப்பவன். அப்பா இல்லை. அம்மாவும் அவனும் மட்டும். மத்தியானம் அவன் அம்மா கட்டிக் கொடுக்கிற சோற்றுப் போசியில்தான் நானும் கை வைப்பேன். என் வீட்டுச் சோற்றை அவன் தொட மாட்டான், அவ்வளவு ருசி எங்கள் வீட்டுச் சமையல். முப்பத்தொரு வயதாகியும் அவனுக்குக் கல்யாணம் தகையவில்லை, எந்த இடமும் கூடி வரவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த வயதுக்குப் பையன் தனியாக நின்றால் தெருவில் போகிறவர்கள்கூட அம்மாவை நிறுத்தி விசாரிப்பார்கள். அந்தம்மா அதற்குப் பயந்தே சந்தைக்குப் போவதை விட்டுவிட்டார்.

தகையாததற்குக் காரணம் நான்தான். அது அன்றைக்கு இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒன்று நான், இன்னொன்று டீக்கடை அண்ணன்.

பெண் வீட்டார் நேராக வீட்டுக்கு வருவதற்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்து பையனைப் பற்றி விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாடு பார்க்க வந்த மாதிரி வருவார்கள். டீக்கடையில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசி, பருத்தியைப் பற்றிப் பேசி, போகிற போக்கில் அந்தப் பேரை இழுப்பார்கள். ஊர்க்காரர்களுக்கும் இது தெரியும். வெள்ளை வேட்டியில் புது ஆள் வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும், பங்காளிச் சண்டை இருந்தாலும்கூட, "தங்கமான பையனுங்க" என்று சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

நாடகத்துக்கு ஒன்றரை வருஷம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் என்னை விட்டுவிட்டு அவன் மட்டும் சினிமாவுக்குப் போயிருந்தான். அந்தக் கடுப்பு எனக்கு. பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அழுக்கு வேட்டிதான் கட்டியிருந்தார், அதனால்தான் ஏமாந்தேன். "நிட்டிங்ல இருக்கறாருங்களே, அந்தத் தம்பி வேலையெல்லாம் எப்படீங்க?" என்று கேட்டார்.

"அவனுங்களா? மிசினு ஓடுனாத் தூங்குவானுங்க. மிசினு நின்னா எந்திரிப்பானுங்க" என்றேன்.

கேலிதான். ஆனால் பனியன் கம்பெனியில் இதைச் சொன்னால் பாதி கேலி, பாதி மெச்சுதல். நிட்டிங் மிசின் ஒரே தாளத்தில் ஓடும். அந்தச் சத்தத்தில் பார்த்துக்கொள்கிறவனுக்குக் கண் சொருகும். நூல் அறுந்தால் மிசின் நின்றுவிடும், எவனும் எழுந்துகொள்வான். ஊசி ஒடிந்தால் மட்டும் நிற்காது. சத்தத்தில் ஒரு பொட்டு மாற்றம், அவ்வளவுதான். துணியில் மட்டும் மேலிருந்து கீழ்வரை கோடு விழுந்துகொண்டே போகும். என் சினேகிதன் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டூலில் சாய்ந்திருப்பான். அந்தப் பொட்டுச் சத்தத்துக்கு விலுக்கென்று எழுந்து போய் நிறுத்துவான். அவன் ஓட்டிய துணியில் ஊசிக்கோடு பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. எங்களுக்கு இது தெரியும். பெஞ்சில் இருந்தவர் காடு தோட்டத்தில் வேலை செய்கிறவர். அவர் காதில் விழுந்தது தூங்குவான் என்பது மட்டும்தான்.

டீயைக் கீழே வைத்தார். அவர் பெண்ணின் பெரியப்பா என்று அப்புறம்தான் தெரிந்தது. நான்கு நாள் கழித்துத் தரகர் வந்து, "பையனுக்குக் கொஞ்சம் தூக்கம் ஜாஸ்தியாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு ஒரு வீட்டோடு நிற்கவில்லை. அடுத்து வந்த இரண்டு இடமும் அதே காரணத்தால் தட்டிப்போனது. ஒருநாள் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ற பையன் சோம்பேறியா சாமி? நீ கூடவே இருக்கறயல்ல, நீயே சொல்லு."

"இல்லீங்கம்மா" என்றேன். பெஞ்சில் நான் சொன்னதைச் சொல்லவில்லை. ஊரிலேயே நீள நாக்கு எனக்கு, அன்றைக்கு எங்கே போய் ஒட்டிக்கொண்டதோ. அதைவிடக் கொடுமை, அவன் அதற்கப்புறம் மிசின் பக்கத்தில் உட்காரவே இல்லை. ஸ்டூலைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு ஷிப்ட் முழுக்க நின்றான். கண்ணெல்லாம் சிவந்து, கால் வீங்கி சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வருவான். நான் மிதித்துக்கொண்டே முன்னால் பார்த்தபடி வருவேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். ஊர் வந்துவிடும்.

பொங்கல் நாடகத்துக்கு வருகிறேன். அன்றைக்குக் கூட்டம் நன்றாக இருந்தது. அண்ணன் அருமையாகச் செத்தார். கைதட்டு அடங்கும் முன்னாலேயே பின்பக்கமாக இறங்கிக் கடைக்குப் போய்விட்டார். நான் கண்ணாடியை வைத்துக்கொண்டு மோட்டார் ரூமைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மாமாவைக்கூட ஒருமையில் கேட்டுவிட்டேன், கூட்டத்திலிருந்து அத்தை ஒரு பார்வை பார்த்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசிக் காட்சிக்குப் படுதாவை இழுத்தபோது மணி நான்கரை இருக்கும்.

படுதாவுக்குப் பின்னால் செத்த பண்ணாடி மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் டீ வடிகட்டி.

"டேய், ஊத்துக்குளிப் பக்கத்துல இருந்து பொண்ணூட்டுக்காரங்க வந்திருக்கறாங்கடா. பொண்ணோட அப்பனும் தாய்மாமனும். கடையில டீ குடிச்சுட்டு மாப்பள ஆருன்னு கேட்டாங்க. நானு மேடையைக் காட்டிட்டேன்."

"என்னன்னு காட்டுனீங்க?"

"அந்தப் பால்காரன்தானுங்கன்னு சொன்னேன். அவுங்களே எருமை வெச்சு வெண்ணெ எடுக்கறவங்க. பால்காரன்னதும் அந்த மனுசனுக்குச் சந்தோசந் தாங்கல. முன்னால போயி உக்காந்துட்டாரு." அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்ப நீ அத்தனை பேரு முன்னால அவனைக் கொலைகாரன்னு சொல்லிக் கையைக் கட்டி இழுத்துட்டுப் போகப் போற. பொங்கல் நோம்பி நாளு. மொதல் மொதல்ல மாப்பளையப் பாக்கற அப்பன். இது ஆகற காரியமா? ஒருக்கா நீ வாயத் தொறந்து கெடுத்தது போதும்டா."

படுதா விலகிவிட்டது.

நான்கு பேரும் வரிசையாக நின்றார்கள். முன் வரிசையில் பொட்டுக் கறையில்லாத வேட்டியில் இரண்டு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் என் சினேகிதனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பால் கேனைப் பிடித்துக்கொண்டு, கொலைகாரன் முழிக்கிற மாதிரி முழி என்று மாஸ்டர் சொல்லிக் கொடுத்ததை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தான். அந்த முழியைப் பார்த்தால் நானே பெண் கொடுக்க மாட்டேன்.

வேறு யார் மேலாவது போட்டுவிடலாம் என்று பார்த்தேன். தம்பியாக நடித்தவனுக்கு முந்தின வாரம்தான் நிச்சயம் ஆகியிருந்தது. கணக்குப்பிள்ளையாக நடித்தவனின் பொண்டாட்டி ஏழு மாத வயிற்றோடு முன்னால் உட்கார்ந்திருந்தது. மிச்சம் மாமா. ஒருமையில் பேசியதற்கே அத்தை முறைத்தாகிவிட்டது, கொலைகாரன் என்று சொன்னால் குடும்பத்தோடு பேச்சு நின்றுவிடும். நான் கண்ணாடியை ஒவ்வொருத்தர் மூஞ்சியிலும் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கூட்டத்துக்கு அது நடிப்பு. எங்கேயோ ஒரு எருமை கத்தியது.

"கொலைகாரன் யாரென்று இப்போது சொல்கிறேன்" என்று வசனத்தை ஆரம்பித்தேன். மாஸ்டரின் வசனம் அதோடு என் தலையிலிருந்து கழன்றுவிட்டது. "நாந்தானுங்க" என்றேன்.

ஓரத்திலிருந்து மாஸ்டர், "கெரகம் புடிச்சவனே, பால்காரன்டா, பால்காரன்!" என்று பல்லைக் கடித்தார்.

"இல்லீங்க, நாந்தானுங்க" என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். இனி ஏதாவது காரணம் சொல்லியாக வேண்டும். பண்ணாடியை நான் எதற்குக் கொல்ல வேண்டும்? ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றரை வருஷமாக உள்ளே கிடந்ததுதான் வாயில் வந்தது.

"இதே ஊர்ல, டீக்கடை பெஞ்சுல உக்காந்துட்டு, ஒரு நல்லவனப் பத்திக் கேட்டவங்ககிட்டப் பாதிய மட்டும் சொன்னனுங்க. மிசின் முன்னால தூங்குவான்னு சொன்னேன். மிச்சத்தச் சொல்லாம உட்டுட்டனுங்க. ஊசி ஒண்ணு ஒடிஞ்சாலும் அந்தத் தூக்கத்துலயே அவன் காதுல உழுந்துரும். முழிச்சுட்டு நிக்கறவன் துணியிலகூடக் கோடு உழும். அவன் துணியில ஒரு கோடு உழுந்து நானு பாத்ததில்லீங்க. அவன் கலியாணத்தக் கெடுத்தவன் நாந்தான். அவனோட அம்மா என்ற கையப் புடிச்சுக் கேட்டப்பக்கூட நெசத்தச் சொல்லாதவன் நாந்தான். தண்டனை எனக்குக் குடுங்க."

"அதுக்கும் பண்ணாடி செத்ததுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கூட்டத்தில் ஒருத்தர் நியாயமாகக் கேட்டார்.

அப்போது செத்த பண்ணாடி டீ வடிகட்டியோடு மேடைக்கு ஏறினார். "அவன் சொல்றது அத்தனையும் நெசமுங்க. நானே கூட இருந்து கேட்டனுங்க" என்றார். நெஞ்சில் சாயம் பளபளவென்று இருந்தது. செத்தவனே வந்து சாட்சி சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? சனம் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது. பனியன் வேஸ்ட்டில் திரித்த கயிற்றை எடுத்து என் கையை நானே கட்டிக்கொள்ளப் பார்த்தேன். முடிச்சு விழவில்லை. என் சினேகிதன் கேனைக் கீழே வைத்துவிட்டு வந்து கட்டிவிட்டான். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. எருமைகள் எல்லாம் சேர்ந்து கத்த ஆரம்பித்தன. பெண்கள் பாயைச் சுருட்டினார்கள். நாடகம் முடிந்தது.

மாஸ்டர் என்னோடு பேசவில்லை. அந்தச் சித்திரை வரைக்கும் பேசவில்லை. நான் கோட்டைக் கழற்றாமல் டீக்கடைக்குப் போனேன். பெண்ணின் அப்பாவான ஊத்துக்குளிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, என் சினேகிதனை எதிரில் உட்காரச் சொல்லியிருந்தார். அவன் உட்காராமல் நின்றான். அந்த ஒன்றரை வருஷப் பழக்கம்.

"அந்தத் தூங்கற தம்பி நீங்கதானுங்களா?"

"ஆமாங்க" என்றான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டான்.

"சத்தம் மாறுனா எந்திரிச்சுக்குவீங்களா?"

"எந்திரிச்சுக்குவனுங்க."

அவர் டீக் கிளாஸை ஓரமாக வைத்தார். "என்ற ஊட்லயும் கன்னு போடப்போற எருமைக்குப் பக்கத்துல கட்டில் போட்டுப் படுக்கறனுங்க. நல்லாத் தூங்குவேன். அது பெருமூச்சு உட்டாப் போதும், எந்திரிச்சு உக்காந்துக்குவேன். என்ற சம்சாரம் அதத் தூக்கத்துல சேத்தறதில்லீங்க" என்றார். கூட வந்த மச்சானைப் பார்த்தார். மச்சான் தலையாட்டினார். "உக்காருங்க தம்பி, கால் வலிக்கும்."

என் சினேகிதன் உட்கார்ந்தான். டீக்கடை அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒன்றுமில்லாத அடுப்பை ஊதினார்.

கிளம்பும்போது ஊத்துக்குளிக்காரர் என்னைக் கூப்பிட்டு, "கோட்டுக் கை ஒண்ணு நீளமா இருக்குதுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். பத்து நாளில் சேதி வந்தது. வைகாசியில் கல்யாணம்.

அந்தச் சேதி வருவதற்கு முன்னால், பொங்கல் லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள். நான் மிதிக்க, அவன் பின்னால் உட்கார்ந்திருந்தான். இரண்டு மைல் மிதித்தேன். கடைசியில் நான்தான் சைக்கிளை ஓரம் கட்டினேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை, ஹேண்டில் பாரைப் பார்த்துக்கொண்டே, "என்னைய ரெண்டு சாத்து சாத்திருடா" என்றேன்.

"எதுக்கு?"

"நாந்தான் சொன்னன்னு இப்பத்தான உனக்குத் தெரியும்."

"அட போடா. நீ சொன்ன அன்னிக்குச் சாயங்காலமே டீக்கடை அண்ணன் வந்து எங்கிட்டச் சொல்லிட்டாரு."

நான் திரும்பினேன். அவன் சாதாரணமாகத்தான் உட்கார்ந்திருந்தான், மடியில் சோற்றுப் போசியை வைத்துக்கொண்டு.

"ஒண்ணரை வருசமாத் தெரிஞ்சுட்டேவாடா எங்கூட ஒரே போசியில சோறு தின்ன? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லடா!"

"கேட்டிருந்தா உனக்கு மூஞ்சியக் காட்ட முடியாமப் போயிருக்கும். சோத்துக்குத் தனியாப் போயி உக்காந்திருப்ப" என்றான். "கலியாணம் இன்னிக்கில்லீன்னா நாளைக்கு ஆயிக்கும். உன்னைய உட்டா எனக்கு ஆருடா இருக்கறா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது வயது ஆள் நடுவழியில் நின்று அழுதேன், வெட்கமில்லாமல். அவன் இறங்கி, ஹேண்டில் பாரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, என்னைப் பின்னால் உட்கார வைத்தான். போசியை என் மடியில் வைத்தான். எட்டு மணி பஸ் போய்விடும் என்று வேகமாக மிதித்தான்.